மாதச் சந்தா கட்டாவிட்டால் என் கணினி பூட்டிக்கொள்ளுமா?

கேள்வி:

வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து வருகிறேன். வேலைக்கு விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி. விண்டோஸ் 10 உள்ள பழைய மேசைக் கணினி ஒன்றும் இருக்கிறது. என் மகள் அதில்தான் படிக்கிறாள். அது 11-க்கு மாறத் தகுதியில்லை என்று திரையில் வருகிறது. இனி இயங்குதளத்துக்கே மாதச் சந்தா வரப்போகிறது, கட்டாவிட்டால் கணினி பூட்டிக்கொள்ளும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். ஏற்கெனவே ஆபீஸுக்கும் சேமிப்பிடத்துக்கும் மாதம் மாதம் பணம் போகிறது. வருமானம் நிலையில்லாத எனக்கு இது பெரிய கவலை. இப்போதே உரிமம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா? நண்பர் ஒருவர் மலிவாக விண்டோஸ் உரிமக் கீ வாங்கித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் லினக்ஸுக்கு மாறிவிடு என்கிறார். இத்தனை ஆண்டு உழைப்பும் இந்த மடிக்கணினியில்தான் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மடிக்கணினி பூட்டிக்கொள்ளாது. அதனோடு வந்த விண்டோஸ் உரிமத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. வீட்டில் பயன்படுத்துவோரின் உரிமத்தை மாதக் கட்டணமாக மாற்றப்போவதாக மைக்ரோசாப்ட் இதுவரை அறிவித்ததும் இல்லை. முதலில் இதை மனத்தில் இருத்திக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் காணொளியைவிட முக்கியமான வரி ஒன்று இருக்கிறது: ‘ஏற்கெனவே ஆபீஸுக்கும் சேமிப்பிடத்துக்கும் மாதம் மாதம் பணம் போகிறது.’ இயங்குதளத்துக்கு வாடகை வருமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது.

சிறு அலுவலகங்களின் கணினிகளை நிறுவிப் பராமரிப்பது என் தொழில். இந்தச் சந்தாப் பேச்சு எனக்குப் பழகிப்போன ஒன்று. ஒவ்வொரு முறையும் அதற்குள் உண்மையான விதை ஏதாவது இருக்கும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, ‘இனி விண்டோஸ் ஒரு சேவை’ என்று மைக்ரோசாப்டே சொன்னது. சேவை என்றால் மாதா மாதம் காசுதானே என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் சொல்ல வந்தது வேறு: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியில் அடைத்துப் புதுப் பதிப்பு விற்பதை விட்டு, இணையம் வழியே சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்போம் என்பது. 2023இல் இன்னொரு அலை. விண்டோஸின் சோதனைப் பதிப்பு ஒன்றின் கோப்புகளில் சந்தாவைக் குறிக்கும் சில வரிகள் தென்பட்டன. அடுத்த விண்டோஸ் வாடகைக்குத்தான் என்று செய்தி பறந்தது. தொழிற்சாலைக் கருவிகள், தொடுதிரை முனையங்கள் போன்றவற்றில் ஓடும் ஐஓடி என்டர்பிரைஸ் பதிப்பைச் சேர்ந்தவை அந்த வரிகள் என்பது பிறகு தெளிவானது. நீங்கள் பார்த்த காணொளி இந்த வரிசையில் எதை எடுத்துக்கொண்டு பேசியதோ தெரியாது. ஆனால் ‘கணினி பூட்டிக்கொள்ளும்’ என்பது இவை எதிலுமே இல்லாத சரக்கு.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று உரிமம், மற்றது ஆதரவு. உரிமம் என்பது அந்த மென்பொருளை அந்தக் கணினியில் ஓட்ட உங்களுக்குள்ள அனுமதி. கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அந்த மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டது. தனியாக வாங்கிய உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்குமே காலக்கெடு இல்லை. ஆதரவு என்பது, அந்த மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போது நிறுவனம் அவற்றை அடைத்துத் தருவது. இதற்குக் காலக்கெடு உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இல் நின்றது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இல். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல். அந்தத் தேதிகளுக்கு மறுநாளும் அந்தக் கணினிகள் எல்லாம் வழக்கம்போல ஓடின. ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் நின்றன. உங்கள் மகளின் கணினி இப்போது நிற்கும் இடம் இதுதான். அந்தக் கணினியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இயங்குதளத்துக்கு மாத வாடகை என்பது நடக்கவே நடக்காத விஷயம் என்றும் நான் சொல்லமாட்டேன். நிறுவனங்களின் உலகில் அது பழைய வழக்கம். ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் ஓடும் இயங்குதளத்துக்கு மாத உரிமக் கட்டணம் என்றே ஒரு முறை உண்டு. ரெட் ஹேட் நிறுவனம் தன் என்டர்பிரைஸ் லினக்ஸைச் சந்தாவாகத்தான் விற்கிறது; மூல நிரல் திறந்தே இருந்தும், நள்ளிரவில் சர்வர் விழுந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்டுகின்றன. மைக்ரோசாப்டும் 2016 முதல் விண்டோஸ் என்டர்பிரைஸை ஒரு பயனருக்கு மாதம் 7 டாலர் என்று கூட்டாளி நிறுவனங்கள் வழியே விற்கத் தொடங்கியது. அந்தச் சந்தா நின்றுபோனால் என்ன ஆகும் தெரியுமா? சலுகைக் காலம் முடிந்ததும் அந்தக் கணினி அதன் அடியில் இருக்கும் புரோ பதிப்புக்குத் திரும்பிவிடும். அங்கேகூடப் பூட்டு விழுவதில்லை.

உண்மையாகவே கதவடைக்கும் வகை ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 365. அதில் கணினியே மைக்ரோசாப்டின் தரவு மையத்தில்தான் இருக்கும். நம் முன்னால் இருப்பது திரை மட்டும். மாதக் கட்டணம் நின்றால் கணினியும் போய்விடும். அது நிறுவனங்களை மனத்தில் வைத்துச் செய்தது. யாராவது உங்களுக்கு இதுபோன்ற ‘மேகக் கணினி’யைக் குறைந்த மாதத் தொகைக்குத் தருகிறேன் என்று வந்தால், உங்கள் வேலைக்கு அது வேண்டாம். வருமானம் குறைந்த ஒரு மாதத்தில் வேலைக் கருவியும் கையைவிட்டுப் போகும் ஏற்பாடு தனியாகத் தொழில் செய்பவருக்குப் பொருந்தாது.

வீட்டுக் கணினிகளின் வரலாறு நேர் எதிராக, விலை இறங்கிக்கொண்டே வந்த வரலாறு. ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் ஒவ்வொரு புதுப் பதிப்பையும் 129 டாலருக்கு விற்ற காலம் உண்டு. 2009இல் ஸ்னோ லெப்பர்ட் 29 டாலர். 2012இல் மவுண்டன் லயன் 20 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. 2013 அக்டோபரில் மேவரிக்ஸ் இலவசம்; அதற்குப் பின் வந்தவை எல்லாம் இலவசம். ஐபாட் டச் வைத்திருந்தவர்கள் 2008இல் மென்பொருள் மேம்படுத்தலுக்கு 9.95 டாலர் கட்டினார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மைக்ரோசாப்டும் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு 10ஐ ஓராண்டு இலவசமாகத் தந்தது. 10இலிருந்து 11க்குப் போவதற்கும் காசில்லை.

தாராள மனம் இதற்குக் காரணமல்ல, கணக்குதான் காரணம். 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் மைக்ரோசாப்டின் மொத்த வருமானம் ஏறத்தாழ 281 பில்லியன் டாலர். அதில் விண்டோஸும் அது விற்கும் கருவிகளும் சேர்ந்து 17 பில்லியன் அளவுக்குத்தான். பெரும்பணம் மேகச் சேவைகளிலிருந்தும் ஆபீஸ் சந்தாவிலிருந்தும் வருகிறது. கோடிக்கணக்கான பேர் விண்டோஸில் உட்கார்ந்திருப்பதால்தான் அந்தச் சந்தாக்களை அவர்கள் கண்முன்னால் நீட்ட முடிகிறது. விண்டோஸுக்கே மாத வாடகை கேட்டு அவர்களைக் குரோம்புக்குக்கோ மேக்குக்கோ லினக்ஸுக்கோ துரத்திவிட்டால் நட்டம் யாருக்கு? ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ்கூடத் திரையின் ஓரத்தில் ஒரு நினைவூட்டலோடு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. அந்தப் பொறுமைக்கும் இதே கணக்குதான்.

ஆகவே என் கணிப்பு இது: இயங்குதளத்துக்கு வாடகை கேட்கமாட்டார்கள், அதைச் சுற்றியிருப்பவற்றுக்குக் கேட்பார்கள். வீட்டை விற்றுவிட்டு, வீட்டுக்குப் போகும் பாதையில் சுங்கச்சாவடி வைப்பதுபோல. பாதுகாப்புத் திருத்தம், சேமிப்பிடம், ஆபீஸ், செயற்கை நுண்ணறிவு உதவியாளர் என்று சாவடிகள் ஏற்கெனவே முளைத்துவிட்டன. நீங்கள் அஞ்ச வேண்டிய ‘சந்தாவுக்கு மாறும் நாள்’ என்று தனியாக ஒரு நாள் வராமலே போகலாம். ஒவ்வொரு சாவடியாகக் கடந்து போய்க்கொண்டே இருப்போம்.

இந்தச் சாவடிகளுள் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது முதலாவதான பாதுகாப்புத் திருத்தம். விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தபோது, பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தருவதை மைக்ரோசாப்ட் முதன்முறையாக வீட்டுப் பயனர்களுக்கும் விலைப் பொருளாக்கியது. ஓராண்டுக்கு, அதாவது 2026 அக்டோபர் 13 வரைக்கும், 30 டாலர். நிறுவனங்களுக்கோ ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், இரண்டாமாண்டு 122, மூன்றாமாண்டு 244. ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் இந்த விலை, பழைய கணினியைத் தூக்கிப் போடு என்று சொல்லாமல் சொல்கிறது. ஆனால் மகளின் கணினியில் குறை என்ன? நன்றாக ஓடுகிற இயந்திரம். 11க்கு வேண்டிய டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லோ, மைக்ரோசாப்டின் பட்டியலில் உள்ள புராசஸரோ அதில் இல்லாதிருக்கலாம், அவ்வளவுதான். பாதுகாப்புத் திருத்தம் புது வசதி அல்ல. விற்ற மென்பொருளில் விற்றவர் விட்ட பிழையைச் சரிசெய்வது அது. அதற்கு வாங்கியவரிடமே மறுபடி விலை கேட்பது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இதைக் கேட்டு மாற்றவும் முடியும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் அழுத்தம் கொடுத்த பின், அங்குள்ள வீட்டுப் பயனர்களுக்கு அந்த ஓராண்டு நீட்டிப்பை நிறுவனம் இலவசமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டமும், இலக்கத் தொழில்நுட்பப் பொருள்களை விற்பவர் பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தங்களை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வருகின்றன. இந்தச் சந்தாப் போக்கில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த ஒரு சட்டம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

மகளின் கணினியை இலவசமாகவே நீட்டிப்பில் சேர்க்க வழி இருக்கிறது. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு அதில் இருக்க வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்கால் உள்நுழைந்து, விண்டோஸ் பேக்கப் வழியே அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைத்தால் 30 டாலர் கேட்கமாட்டார்கள். மைக்ரோசாப்டின் ரிவார்ட்ஸ் புள்ளிகள் ஆயிரம் கொடுத்தும் சேரலாம். காசு கொடுத்தே சேர்ந்தாலும் மைக்ரோசாப்ட் கணக்கு கட்டாயம். ஒரு முறை கட்டினால் அதே கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்த்துக்கொள்ளலாம். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். தகுதியில்லை என்று வருவதற்கு, டிபிஎம் வசதி பயோஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்புகளில்) அணைந்து கிடப்பதும் காரணமாக இருக்கலாம். கணினியில் இருப்பது இன்டெலின் எட்டாம் தலைமுறையோ ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசையோ அவற்றுக்குப் பிந்திய புராசஸரோ என்றால் இது நடக்க நல்ல வாய்ப்புண்டு. மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டுங்கள். எது குறைகிறது என்று அதுவே சொல்லும். டிபிஎம் மட்டும்தான் குறை என்றால், பயோஸ் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து அதை இயக்கிப் பாருங்கள். புதுக் கணினி வாங்கும் செலவு மிச்சம். தகுதிச் சோதனையை ஏமாற்றி 11ஐ நிறுவும் குறுக்குவழிகளும் உலவுகின்றன. படிக்கும் பிள்ளையின் கணினிக்கு அவை வேண்டாம். அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை.

புராசஸரே பழையது என்றால், லினக்ஸ் யோசனை சொன்ன நண்பர் அந்தக் கணினியைப் பொறுத்தவரை சரியாகவே சொல்லியிருக்கிறார். லினக்ஸின் இலவசப் பதிப்புகளான லினக்ஸ் மின்ட் 22ஓ உபுண்டு 24.04ஓ போட்டால் 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் இலவசம். உபுண்டு புரோ என்ற நீட்டிப்பும் தனியாருக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம். அதில் ஆதரவு பத்தாண்டு. முதலில் யுஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே வைஃபை, பிரிண்டர், கேமரா, தமிழ்த் தட்டச்சு எல்லாம் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துவிடும். மகள் பயன்படுத்துவது உலாவியும் எழுதுவதற்கான ஒரு செயலியும்தான் என்றால் வாரத்தில் பழகிவிடுவாள். பாடத்துக்கென்று விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது வேண்டியிருக்கிறதா என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மடிக்கணினிக்கு அதே யோசனையை நான் சொல்லமாட்டேன். அது உங்கள் பிழைப்பு. டிராடோஸ் போன்ற மொழிபெயர்ப்புக் கருவிகள் விண்டோஸில்தான் ஓடும். வாடிக்கையாளர் அதே கோப்பு வடிவத்தில் கேட்டால் வேறு வழியில்லை. ஒமேகாடி போன்ற இலவசக் கருவியே உங்களுக்குப் போதும் என்றால் லினக்ஸுக்கு வருவதில் தடையில்லை. எப்படியானாலும் மொழிபெயர்ப்பு நினைவகத்தை (நீங்கள் இதுவரை மொழிபெயர்த்த வாக்கியங்களின் தொகுப்பை) டிஎம்எக்ஸ் என்ற பொது வடிவில் ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவிக்கு மாறினாலும் அது உங்களோடு வரும். பல ஆண்டு உழைப்பு ஒரே நிறுவனத்தின் கோப்பு வடிவத்தில் முடங்கிக் கிடப்பது எந்தச் சந்தாவையும்விடப் பெரிய பிணை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் இருந்தால், அவற்றையும் மெல்ல ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிடுங்கள். எழுத்துரு கிடைக்காத நாளில் அவை வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

‘இப்போதே உரிமம் வாங்கி வைக்கட்டுமா?’ வேண்டாம். மடிக்கணினியில் ஏற்கெனவே உரிமம் இருக்கிறது. கூடுதலாக ஒன்று வாங்கி அலமாரியில் வைத்தால் எதிர்காலத்தைப் பூட்டி வைத்ததாகாது. விண்டோஸ் 11இன் ஒவ்வொரு ஆண்டுப் பதிப்புக்கும் ஹோம், புரோ வகைகளில் 24 மாதம்தான் ஆதரவு. அதற்குள் அடுத்த பதிப்புக்கு நகர்ந்தாக வேண்டும். நகர்வது இன்று இலவசம். நாளை அது மாறினால், நீங்கள் வாங்கி வைத்த கீ அதைத் தடுக்காது. மலிவுக் கீயை நண்பர் எவ்வளவு அன்போடு தந்தாலும் வாங்காதீர்கள். அவற்றில் பல ஏதோ நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து உதிரியாக விற்பவை. இன்று ஆக்டிவேட் ஆகும், பிறகு ஒருநாள் செல்லாமல் போகும்.

உண்மையில் குறைக்க வேண்டிய செலவு, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட ஆபீஸும் சேமிப்பிடமும். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விண்டோஸ் 11ஐ மைக்ரோசாப்ட் கணக்கோடு நிறுவும்போது டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகள் பெரும்பாலும் மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குள் போய்விடும். பலருக்கு இது நடந்ததே தெரியாது. ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி. சில மாதப் புகைப்படங்களிலேயே நிறைந்துவிடும். ‘இடம் இல்லை’ என்ற எச்சரிக்கை வரும், பக்கத்திலேயே சந்தா பொத்தான் இருக்கும். கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் நூற்றுக்கணக்கான ஜிபி காலியாகக் கிடக்க, இடம் இல்லை என்று பயந்து பணம் கட்டியவர்களை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். நீங்களும் அப்படித்தான் சேர்ந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

விலகுவதென்றால் வரிசை முக்கியம். முதலில் ஒன்டிரைவ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது கணினியில் இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கிறது. எல்லாவற்றையும் ‘எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு’ என்று குறித்து, முழுவதும் இறங்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். அந்தப் பிரதியிலிருந்து சில பழைய கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் கோப்புறை பேக்கப்பை நிறுத்த வேண்டும், அதற்கும் பிறகுதான் சந்தாவை. தலைகீழாகச் செய்தால், அளவுக்கு மிஞ்சிய கணக்கில் புதிதாக எதையும் ஏற்ற முடியாமல் போகும். அப்படியே நெடுநாள் விட்டால் கோப்புகளை அழிக்கவும் நிறுவனத்தின் விதிகள் இடம் தருகின்றன. வெளிப்புற டிஸ்க் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது.

ஆபீஸைப் பொறுத்தவரை, சந்தா நின்றால் கோப்புகள் அழியாது. வேர்டு அவற்றைத் திறக்கும், அச்சிடும், திருத்த விடாது. மெய்ப்புத் திருத்துபவருக்கு அது கையைக் கட்டிப்போட்ட மாதிரிதான். சந்தாவில் இன்னொரு ஆபத்து, விலை நம் கையில் இல்லாதது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் மைக்ரோசாப்ட் 365 தனிநபர் சந்தா 6.99 டாலரிலிருந்து 9.99 ஆனது, கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கேட்காமலே சேர்த்துக் கொடுத்து உயர்த்தினார்கள். கோபைலட் இல்லாத பழைய விலைத் திட்டமும் இருந்தது; சந்தாவை ரத்து செய்யப் போகும்போதுதான் அது கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள் என்று குற்றஞ்சாட்டி, ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. உங்கள் கணக்கிலும் சந்தா மேலாண்மைப் பக்கத்துக்குப் போய் ரத்து பொத்தானை நோக்கிச் சில அடி நடந்து பாருங்கள். குறைந்த விலைத் திட்டம் உங்களுக்கும் காட்டப்படலாம். கடைசிப் பொத்தானை அழுத்தும்வரை எதுவும் ரத்தாகாது.

ஒரே முறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆபீஸ் 2024க்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. புது வசதிகள் வராது. மெய்ப்புத் திருத்தத்துக்கு அவை தேவையும் இல்லை. வாங்கும் பதிப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்த உரிமம் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லிபர்ஆபீஸ் முற்றிலும் இலவசம். ஆனால் வாடிக்கையாளரோடு மாற்றம்-தடமறிதல் குறிகளுடன் கோப்புகளை அனுப்பிப் பெற்றுக்கொள்பவர் என்றால், முக்கியமில்லாத ஒரு கோப்பில் இருபுறமும் சரியாக வருகிறதா என்று சோதித்த பிறகு மாறுங்கள்.

அடோபி மென்பொருள் ஏதாவது சந்தாவில் வைத்திருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். மாதாமாதம் கட்டினாலும் அது ஆண்டு ஒப்பந்தமாக இருக்கக்கூடும். நடுவில் விலகினால் அபராதம். இதை மறைத்து விற்றார்கள் என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்குப் போட்டது. 2013இல் அந்த நிறுவனம் தன் மென்பொருள்களைச் சந்தாவுக்கு மட்டும் என்று மாற்றியதுதான் ‘இனி எல்லாமே வாடகை’ என்ற அச்சத்துக்கு ஊற்றுக்கண். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கேயும், அதற்கு முன் சிஎஸ் 6 என்ற பழைய பதிப்பை வாங்கியவர்களின் உரிமத்தைச் சந்தாவாக மாற்றவில்லை. புதிதாக விற்பதைத்தான் மாற்றினார்கள். இயங்குதளத்தில் எப்போதாவது அப்படி ஒரு மாற்றம் வந்தாலும் இதே பாதையில்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன்: புதுப் பதிப்பில், புதுக் கணினியில், முதலில் ஏதாவது கூடுதல் வசதிக்கு. புதிய கணினி வாங்கும் நாளில், உரிமத்தின் தன்மை என்ன என்று விற்பவரிடம் கேளுங்கள். காலக்கெடு என்று ஏதாவது சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இந்த வாரமே செய்ய வேண்டியது. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் தானாகவே, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டு, அதன் மீட்புச் சாவி மைக்ரோசாப்ட் கணக்கில் மட்டும் சேமிக்கப்பட்டிருக்கும். பயோஸில் ஏதாவது மாற்றினாலோ பழுது பார்த்தாலோ கணினி அந்தச் சாவியைக் கேட்கலாம். கணக்கின் கடவுச்சொல் மறந்திருந்தால் கோப்புகள் போனது போனதுதான். நீங்கள் பயந்த பூட்டு உண்மையில் எங்கேயாவது இருக்கிறது என்றால் இங்கேதான் இருக்கிறது, அதற்கும் சந்தாவுக்கும் சம்பந்தமில்லை. கணக்கில் உள்நுழைந்து சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் (விண்டோஸின் குறியாக்க வசதி) மீட்புச் சாவியைப் பாருங்கள். 48 இலக்கம் இருக்கும். தாளில் எழுதி, இன்னொரு முறை சரிபார்த்து, மடிக்கணினிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். மகளின் கணினியிலும் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் சாவியையும் எழுதிய பிறகே பயோஸில் டிபிஎம்மைத் தொடச் சொல்லுங்கள்.